ஞாயிற்றுக்கிழமை ஐந்து நிமிடம்

ஜூன் 3, செவ்வாய்

நோட்டும் பேனாவும் கிடைத்துவிட்டன. கொடுத்தவன் எங்கள் மேற்பார்வையாளன் ரிச்சர்ட். "பசங்க எழுதுற இங்கிலீஷ் தப்பையெல்லாம் இதுல திருத்திக் குடுங்க டீச்சர்" என்றான். முன்பக்கத்திலிருந்து இங்கிலீஷ். பின்பக்கத்திலிருந்து இது. இந்த மாடியில் தமிழ் படிக்கத் தெரிந்தவர்கள் நான், என் அறைக்காரி நஸ்ரீன், பிறகு ரிச்சர்ட். அவன் கையில் இது கிடைத்தால் தொலைந்தேன். ஆனாலும் யாரிடமாவது முழுதாகப் பேச வேண்டும் போலிருக்கிறது.

என் பெயரை ஒருமுறை எழுதிப் பார்த்துக்கொள்கிறேன். பாண்டீஸ்வரி. இங்கே எமிலி.

ராஜபாளையத்தில் டுடோரியலில் ஸ்போக்கன் இங்கிலீஷ் எடுத்துக்கொண்டிருந்தவள். பாங்காக்கில் வாடிக்கையாளர் சேவைக்கு ஆங்கிலப் பயிற்சியாளர் வேண்டும் என்றார்கள். வீடியோவில் நேர்காணல்கூட நடந்தது. "தெரியாத ஊரு, வேண்டாம்" என்றார் என் கணவர் காளிராஜ். நான்தான் பிடிவாதம் பிடித்தேன். விமானநிலையத்தில் பெயர் எழுதிய அட்டையோடு ஆள் நின்றான். நாள் முழுக்கக் கார். பிறகு ஒரு ஆறு, ஒரு படகு. படகில் ஏறும்போது துப்பாக்கியோடு ஒருவனும் ஏறினான். அப்போதுகூட எனக்குப் புரியவில்லை, எல்லைக் காவலுக்கு வந்தவன் என்று நினைத்தேன். சிம் மாற்றித் தருவதாகச் சொல்லி போனை வாங்கினார்கள். பாஸ்போர்ட்டையும்.

வேலை இதுதான். ஆஸ்திரேலியாவில் தனியாக இருக்கும் வயதானவர்களுக்குப் பொய்ப் பெயரில் செய்தி அனுப்ப வேண்டும். பழக வேண்டும். மெல்ல ஒரு போலி முதலீட்டில் பணம் போட வைக்க வேண்டும். அறை முழுக்கக் கம்ப்யூட்டர், அறை முழுக்க என் போல வந்து மாட்டியவர்கள். அவர்கள் எழுதுவது வெள்ளைக்காரர்கள் எழுதுவது போல இருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை.

ஜூன் 5, வியாழன்

துணி துவைத்தேன். காயவைக்க வெளியே விடவில்லை. கட்டில் கம்பியில் போட்டிருக்கிறேன். அறையெல்லாம் ஈர வாடை.

ஜூன் 8, ஞாயிறு

இன்று வீட்டுக்குப் பேச ஐந்து நிமிடம். ரிச்சர்டின் அறையில், ஸ்பீக்கர் போட்டு, அவன் எதிரே உட்கார்ந்திருக்க. இங்கே தமிழ் பேசுகிறவர்களின் அழைப்பையெல்லாம் அவன்தான் கேட்க வேண்டும். யாராவது உளறினால் பேசியவளுக்கும் அடி, கேட்டவனுக்கும் அடி என்று நஸ்ரீன் சொல்லியிருந்தாள். அவள் வாணியம்பாடிப் பெண். எனக்கு நாலு மாதம் முன்னால் வந்தவள்.

நான் ஒரு வழி யோசித்து வைத்திருந்தேன். எனக்கு மீன் ஆகாது. ஒரு வாய் பட்டாலும் உடம்பெல்லாம் தடித்துவிடும். கல்யாணமான புதிதில் என் மாமியார் வீட்டில் தெரியாமல் சாப்பிட்டு, என்னை இவர்தான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்.

"எப்படி இருக்க?" என்றார் காளிராஜ்.

"நல்லா இருக்கேங்க. ரொம்ப சந்தோஷமா இருக்கேன். இங்க தினமும் மீன் குழம்புதான். விரும்பிச் சாப்பிடுறேன்."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. கடையில் யாரோ பிரேக் ஒயர் கேட்டது காதில் விழுந்தது. இவர் மோட்டார் சைக்கிள் உதிரிபாகக் கடை வைத்திருக்கிறார்.

"மீனா? சரி. நல்லாச் சாப்பிடு. உடம்புக்கு நல்லது."

அவ்வளவுதான். அப்புறம் பக்கத்து வீட்டில் குழாய் போடுகிறார்களாம், அதைப் பற்றிப் பேசினார். ஐந்து நிமிடம் முடிந்தது.

இந்த மனுஷனுக்குப் பாதி வார்த்தை சொல்லி எதையும் புரியவைக்க முடியாது. முழுதாகச் சொன்னாலே "சரி" என்பார்.

ஜூன் 11, புதன்

நான் வகுப்பு எடுக்க வேண்டுமாம். தினமும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அரைமணி நேரம். "வெள்ளக்காரங்க பேச்சுல சொல்ற மாதிரி சொலவடைங்க, தினம் ஒண்ணு" என்றான் ரிச்சர்ட். அவை இருந்தால் செய்தி உண்மை போல இருக்குமாம். வெள்ளைப் பலகை, மார்க்கர் பேனா எல்லாம் வந்துவிட்டன. நான் ஆசைப்பட்டு வந்த வேலை இது. கிடைத்துவிட்டது.

நஸ்ரீன் எழுதிய ஒரு செய்தியைத் திருத்தினேன். மனைவியை இழந்த ஒரு கிழவருக்கு. அவர் தோட்டத்து எலுமிச்சை மரத்தின் படத்தை அனுப்பியிருந்தார். நான் திருத்தியபின் அது நன்றாக இருந்தது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

ஜூன் 15, ஞாயிறு

ரிச்சர்டின் அறைக்குள் புதிதாக ஒருவன் நின்றான். முதலாளியின் ஆள். மலேசியாவில் பல வருஷம் இருந்தவன், தமிழ் பேச்சு கொஞ்சம் புரியும் என்கிறார்கள். கதவில் சாய்ந்து போனைப் பார்த்துக்கொண்டே இருந்தான். கேட்கிறானா இல்லையா என்று தெரியவில்லை.

"என் தங்கச்சிய ரொம்பக் கேட்டேன்னு சொல்லுங்க" என்றேன். எனக்குத் தங்கச்சி கிடையாது. நான் ஒரே பிள்ளை.

எந்தத் தங்கச்சி என்று கேட்பார், அதில் இருந்து அவருக்கு ஏதாவது உறைக்கும் என்று நினைத்தேன்.

"சொல்லிடுறேன்" என்றார்.

அவர் பாட்டுக்குப் பேசினார். "எத்தனாவது மாடில இருக்க? ஜன்னல் இருக்கா? காத்து வருதா?"

"மூணாவது மாடி. ஜன்னல் இருக்கு. எட்டிப் பாத்தா ஆறு. அக்கரையில மஞ்சக் கலர்ல ஒரு பெரிய கோபுரம்..."

ரிச்சர்ட் சட்டென்று இருமினான். கை நீட்டி போனை எடுத்து, "டைம் ஆச்சு சார், அக்கா அடுத்த வாரம் பேசுவாங்க" என்று சொல்லி அணைத்துவிட்டான். இரண்டு நிமிடம் பாக்கி இருந்தது. மலேசியாக்காரன் நிமிர்ந்து பார்த்தான். ரிச்சர்ட் அவன் மொழியில் ஏதோ சொன்னான், நேரமாகிவிட்டது என்று மணிக்கட்டைத் தட்டிக் காட்டியதில் தெரிந்தது.

பாவி. இரண்டு நிமிடத்தைத் திருடிவிட்டான்.

இவரோ காற்று வருகிறதா என்று கேட்கிறார். காற்று!

ஜூன் 18, புதன்

நஸ்ரீனின் கிழவர் பதில் போடுவதை நிறுத்திவிட்டார். அவளை முற்றத்தில் வெயிலில் நிற்கவைத்தார்கள். காலையிலிருந்து சாப்பாட்டு மணி அடிக்கும் வரை. நிற்கவைத்தவன் ரிச்சர்ட். மயங்கிச் சரிந்தபோது எழுப்பி நிறுத்தியவனும் அவனே. எழ மறுத்தாள் என்று கன்னத்தில் அறைந்தான். மாடி ஜன்னலில் இருந்து முதலாளி பார்த்துக்கொண்டிருந்தார்.

அவளுக்கு உப்புக் கரைத்துக் கொடுத்தேன். "அவனும் நம்ம ஊருக்காரன்தானே அக்கா" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். உதடு வெடித்திருந்தது.

ஜூன் 22, ஞாயிறு

எழுதவே கை வரவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

இன்று முழு ஐந்து நிமிடமும் கிடைத்தது. மலேசியாக்காரன் இருந்தான். நான் வாயைத் திறப்பதற்குள் இவர் ஆரம்பித்துவிட்டார்.

"கடைக்கு ஒரு பழைய வண்டி வந்திருக்கு ஈஸ்வரி. உள்ள ஒரு பாகம் நல்லா மாட்டிக்கிச்சு. எங்க மாட்டிருக்குன்னு கண்டுபிடிக்கவே இத்தன நாள் ஆச்சு. நாமளா தட்டி எடுக்கப் பாத்தா உடைஞ்சிரும். அதேன் கம்பெனிக்காரங்ககிட்டயே எழுதிக் குடுத்திருக்கேன். ரெண்டு மூணு பேரப் போயிப் பாத்தேன். அவங்க வந்து எடுத்தாதான் முழுசா வரும். அதுவரைக்கும் அசைக்காம வச்சிருக்கணும்ங்காங்க. கேக்குதா? அசைக்கவே கூடாது."

"கேக்குதுங்க."

"நீ நல்லா ரெஸ்ட் எடு."

நான் இங்கே செத்துக்கொண்டிருக்கிறேன். இவர் யாருடைய வண்டியைப் பற்றியோ மூச்சுவிடாமல் பேசுகிறார். உதிரிபாகம் விற்கிற ஆள், இப்போது வண்டிப் பழுதும் பார்க்கக் கிளம்பிவிட்டார் போல. ஏழு வருஷம் இப்படித்தான். நான் ஒன்று சொல்ல, அவர் ஒன்று பேச. பாங்காக் வேலைக்கு நான் ஏன் அவ்வளவு பிடிவாதம் பிடித்தேன் என்று யாராவது கேட்டால் வேலைக்காக என்றுதான் சொல்வேன்.

ஜூன் 23, திங்கள்

நஸ்ரீன் ஒரு திட்டம் சொன்னாள். சாப்பாட்டுச் சாமான் இறக்க வரும் லாரியில் ஒளிந்துகொண்டு வெளியேறுவது. வெள்ளிக்கிழமை வரும். நானும் வருகிறேன் என்றேன். வேறு யாரும் வந்து காப்பாற்றப் போவதில்லை.

ஜூன் 25, புதன்

நடந்ததை வரிசையாக எழுத வேண்டும்.

இன்றைய வகுப்புக்கு நான் எடுத்துக்கொண்டது 'ரீட் பிட்வீன் த லைன்ஸ்'. டுடோரியலில் எத்தனையோ தடவை எடுத்த பாடம். பலகையில் எழுதிவிட்டு வழக்கம்போல ஆரம்பித்தேன். இரண்டு வரிக்கு நடுவே இருப்பது வெற்றிடம். அங்கே எதுவும் எழுதியிருக்காது. எழுதாத அந்த விஷயத்தை எழுதியதிலிருந்து கண்டுபிடிப்பதுதான் இதற்கு அர்த்தம்.

ரிச்சர்ட் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தான். வகுப்புக்கு அவனும் வருவான், காவலுக்கு. "தமிழ்ல இதுக்கு என்ன டீச்சர்? குறிப்பறியிறதா?" என்றான்.

"கிட்டத்தட்ட. குறிப்பு முகத்தப் பாத்தும் அறியலாம். இது பேசுறதுலயும் எழுதுறதுலயும் மட்டும். நேராச் சொல்லிட்ட விஷயத்துக்கு இதச் சொல்லக் கூடாது. 'நாளைக்கு லீவு'ன்னு போர்டுல எழுதிப் போட்டா அதப் படிச்சாப் போதும், நடுவுல படிக்க ஒண்ணுமில்ல."

"அப்ப எங்க சொல்லலாம்?"

"ஒருத்தர் நேராச் சொல்ல விரும்பாத இடத்துல. இல்ல, சொல்ல முடியாத இடத்துல."

அவன் தலையை ஆட்டினான். என்னைப் பார்க்கவில்லை.

நஸ்ரீன் கேட்டாள், "உள்ள வேற விஷயம் இருக்குன்னு எப்படிக்கா தெரியும்? எல்லாரும் சாதாரணமாத்தானே பேசுவாங்க?"

"எதாவது ஒண்ணு இடிக்கும். அந்த ஆள் வழக்கமாச் செய்யாத வேலையப் பத்திப் பேசுவாரு. அவருக்குச் சம்பந்தமே இல்லாத ஒண்ண இழுத்து வச்சு, திருப்பித் திருப்பி, கேக்குதா கேக்குதான்னு..."

பலகையைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். சும்மா அந்த வாக்கியத்தின் கீழே ஒரு கோடு போட்டேன். இன்னொரு கோடு போட்டேன்.

வண்டிப் பழுது பார்க்கத் தெரியாத மனிதர். உள்ளே மாட்டிக்கொண்ட பாகம். கம்பெனிக்காரர்களிடம் எழுதிக் கொடுத்திருக்கிறார். அசைக்காமல் வைத்திருக்க வேண்டும். எத்தனாவது மாடி என்று கேட்டதும், ஜன்னல் இருக்கிறதா என்று கேட்டதும் காற்றுக்காக இல்லை. இல்லாத தங்கச்சிக்குச் சொல்லிவிடுகிறேன் என்றார். எந்தத் தங்கச்சி என்று அவர் கேட்டிருந்தால் அன்றைக்கே மலேசியாக்காரன் பிடித்திருப்பான்.

மீன் என்று நான் சொன்னபோது அந்தப் பக்கம் சத்தமில்லாமல் போனதே, அந்த நேரத்தில்தான் அவருக்குப் புரிந்திருக்க வேண்டும்.

நான்தான் இங்கிலீஷ் டீச்சர். எனக்குப் புரிய இரண்டு வாரத்துக்கு மேல் ஆகியிருக்கிறது.

"டீச்சர், உடம்பு சரியில்லையா?" என்றான் ரிச்சர்ட்.

"தலை சுத்துது."

"கிளாஸ் முடிஞ்சுது, எல்லாரும் சீட்டுக்குப் போங்க." எல்லோரும் போனபின் அவனே பலகையை அழித்தான். நான் போட்ட கோடுகளை முதலில் அழித்தான்.

ஜூன் 26, வியாழன்

நஸ்ரீனிடம் லாரி வேண்டாம் என்றேன். ஏன் என்று கேட்டாள். அவளிடம் சொன்னால் அவள் முகத்தில் தெரிந்துவிடும். "இப்ப வேண்டாம், என்னை நம்பு" என்றேன். "பயந்துட்டீங்க" என்றாள். ஆமாம் என்று சொல்லிக்கொண்டேன்.

சிரிப்பு வந்துவிடுமோ என்றுதான் பயமாக இருக்கிறது. சாப்பிடும்போது தலையைக் குனிந்தே வைத்திருக்கிறேன்.

ஜூன் 28, சனி

நேற்று லாரி வந்தது. காவலர்கள் அரிசி மூட்டைக்குள் எல்லாம் கம்பியால் குத்திப் பார்த்தார்கள். நஸ்ரீன் என்னைப் பார்த்தாள்.

இன்று இன்னொரு சேதி. அடுத்த சனிக்கிழமை இந்தக் கட்டடத்தைக் காலி செய்கிறார்கள். ஆற்றோடு மேலே, காட்டுக்குள் வேறு இடம். அங்கே போனால் ஞாயிற்றுக்கிழமை போன் கிடையாதாம். இவரிடம் சொன்ன மஞ்சள் கோபுரம் அங்கிருந்து தெரியாது. யாரும் எங்களைக் கண்டுபிடிக்க முடியாது.

நாளைக்கு ஐந்து நிமிடம் இருக்கிறது. அதற்குள் சொல்லியாக வேண்டும்.

ஜூன் 29, ஞாயிறு

மலேசியாக்காரன் இன்று நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டான். போன் அவன் கையில் இல்லை. என்னையே பார்த்தான்.

"என்னங்க, அந்தப் பழைய வண்டி என்னாச்சு?" என்றேன். குரல் சாதாரணமாக வந்ததா என்று தெரியவில்லை.

"அப்படியேதான் நிக்குது. கம்பெனிக்காரங்க இந்தா வாரேன், அந்தா வாரேன்ங்காங்க."

"அதுக்குள்ள வண்டிக்காரரு வேற ஷெட்டுக்குத் தூக்கிட்டுப் போயிருவாருன்னீங்களே. வர்ற சனிக்கிழமை. அங்க போயிட்டா அப்புறம் உங்களால பாக்கவே முடியாதுல்ல?"

சத்தமில்லை. என் கையை மேசைக்கடியில் மறைத்துக்கொண்டேன்.

"ஆமா," என்றார் மெதுவாக. "சனிக்கிழமைல்ல. நல்லவேளை ஞாபகப்படுத்துன. நாளைக்கே போயி உக்காந்துக்கிடுறேன்."

மலேசியாக்காரன் முன்னால் சாய்ந்தான். "யென்ன வண்டி, வண்டி?" என்றான் தமிழில். முதல்முறையாக அவன் குரலைக் கேட்டேன். எனக்கு உயிர் போய்விட்டது.

ரிச்சர்ட் சிரித்தான். சத்தமாக, கேலியாக. "இவங்க புருஷன் மெக்கானிக். பொண்டாட்டிகிட்டயும் வண்டிப் பேச்சுதான்" என்று சொல்லிவிட்டு, போன் பக்கம் குனிந்தான்.

"சார், நானும் கேட்டுக்கிட்டேதான் இருக்கேன் வாரா வாரம். உள்ள மாட்டியிருக்கிறது ஒரே ஒரு பாகம்தானா சார்?"

"ஏன் தம்பி?"

"பழைய வண்டில ஒண்ணோட ஒண்ணு சேர்ந்து நெறைய மாட்டியிருக்கும். ஒண்ண மட்டும் எடுக்கச் சொல்லாதீங்க. எல்லாத்தையும் கழட்டச் சொல்லுங்க. ஒண்ண மட்டும் எடுத்தா மத்தது எல்லாம் நாசமாயிரும்."

"சரி தம்பி," என்றார் காளிராஜ். "எல்லாத்தையும் சேத்துத்தான் சொல்லியிருக்கேன்."

மலேசியாக்காரன் கொட்டாவி விட்டான். போன் அணைந்தது.

வெளியே வரும்போது ரிச்சர்டின் முகத்தைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்க்காமல் அடுத்த ஆளைக் கூப்பிட்டான். இத்தனை ஞாயிறும் அவன் எல்லோருடைய வீட்டுப் பேச்சையும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். அவன் வீட்டுக்குப் பேசி நான் பார்த்ததே இல்லை.

ஜூலை 1, செவ்வாய்

ஒன்றும் இல்லை. சாமான் கட்டுகிறார்கள்.

ஜூலை 2, புதன்

ஒன்றும் இல்லை. முட்டைக்கோஸ், சோறு. வெள்ளைப் பலகையையும் கழற்றிவிட்டார்கள்.

ஜூலை 3, வியாழன்

வந்துவிட்டார்கள்.

காலை வேலை ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் கீழே சத்தம். இந்த நாட்டு ராணுவ லாரிகள். முதலாளி, மலேசியாக்காரன், துப்பாக்கிக்காரர்கள் எல்லோரும் பின்பக்கமாக ஆற்றுக்கு ஓடினார்கள். எங்கள் மாடிக் கதவு பூட்டியிருந்தது. சாவி ரிச்சர்டிடம். அவனும் ஓடியிருக்கலாம். படகு நின்றிருந்தது, "வா, வா" என்று கத்தியது மாடிவரை கேட்டது. அவன் படியேறி வந்து கதவைத் திறந்துவிட்டு, வாசல் ஓரத்தில் சாவிக்கொத்தோடு உட்கார்ந்துகொண்டான்.

நஸ்ரீன் என் கையை நகம் பதியப் பிடித்திருந்தாள். கீழே ஒரு சிப்பாய் காகிதத்தைப் பார்த்து பெயர் வாயில் நுழையாமல் கூப்பிட்டான். "பாந்தி... சிவரி?" நான் கையைத் தூக்கினேன்.

ஜூலை 5, சனி

ஆற்றைத் தாண்டி, நாங்கள் முதலில் படகு ஏறிய கரை. பெரிய மண்டபம், தரையில் பாய், மேலே மின்விசிறி. துணியை வெயிலில் காயப்போட்டேன்.

இவரோடு பேசினேன். பக்கத்தில் யாரும் இல்லாமல்.

"மீன்னு சொன்னதும் கண்டுபிடிச்சிட்டீங்களா?"

"அதுக்கு முன்னாடியே சந்தேகந்தான்."

"எப்படி?"

"ரொம்ப சந்தோஷமா இருக்கேன்னு சொன்னியே." என்றார். "என்கிட்ட நீ அப்படிச் சொன்னதே இல்லையே ஈஸ்வரி."

வெளியுறவுத் துறை அலுவலக வாசலில் அவர் மூன்று நாள் உட்கார்ந்திருந்ததை அப்புறம்தான் சொன்னார். அதுவும் நான் கேட்டதால்.

ஜூலை 6, ஞாயிறு

மேற்பார்வை பார்த்தவர்களைத் தனியாக ஒரு கொட்டகையில் வைத்திருக்கிறார்கள். ரிச்சர்டும் அங்கேதான். கையைக் கட்டியிருக்கிறார்கள். எங்களைக் கடத்திய கும்பலில் ஒருவன் என்று இந்த நாட்டிலேயே வழக்குப் போடுவார்களாம்.

எல்லோரிடமும் கேட்டார்கள், யார் அடித்தது, யார் வெயிலில் நிற்கவைத்தது என்று. எல்லோரும் அவனைத்தான் காட்டினார்கள். நஸ்ரீன் கன்னத்தைத் தொட்டுக் காட்டிச் சொன்னாள். அத்தனையும் உண்மை.

என் முறை வந்தபோது அடித்தான் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். பின்னால் வரிசை நீளமாக இருந்தது. மத்தியானம் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன். திரும்பிப் போய் நம் நாட்டுத் தூதரக அதிகாரியைப் பார்த்தேன். இளம்பெண், பொறுமையாகக் கேட்டாள். போனில் நடந்தது, கதவைத் திறந்தது எல்லாம் சொன்னேன். வாய்வார்த்தை போதாது என்றாள். இந்த நாட்டு விசாரணை அதிகாரி முன்னால் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அவர் அடுத்த வாரம்தான் வருவார். இந்தியர்களுக்கு விமானம் செவ்வாய்க்கிழமை.

"அவர் பெயர் என்ன?" என்று கேட்டாள்.

ரிச்சர்ட் இங்கே வைத்த பெயர், நிஜப் பெயர் எனக்குத் தெரியவில்லை. கொட்டகைக்குப் போய்க் கம்பிக்கு வெளியே நின்று கேட்டேன்.

"நீலமேகம்" என்றான். "பேராவூரணிப் பக்கம். அத ஏன் கேக்குறீங்க?"

ஹோட்டல் வேலை என்று நம்பி வந்தவனாம். தப்பிக்கப் பார்த்து ஒருமுறை பிடிபட்டிருக்கிறான். அதற்குப் பிறகு அடி வாங்குகிறாயா, அடிக்கிறாயா என்று கேட்டிருக்கிறார்கள். அதை அவன் சொல்லும்போது குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

ஜூலை 7, திங்கள்

நஸ்ரீனிடம் சொன்னேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"அவனுக்காக இங்கயே இருக்கப் போறீங்களா?"

"அவன் செஞ்ச நல்லதும் தெரியணும்ல."

"உங்கள ஒரு தடவையாவது அடிச்சானா அக்கா? உங்களுக்கு அவன் வாய் நிறைய டீச்சர். எனக்கு?" அவள் அழவில்லை. "நீங்க எழுதுங்க. ஆனா நான் வெயில்ல நின்னத மட்டும் விட்டுடாதீங்க."

விட மாட்டேன் என்றேன். நம்பினாளா என்று தெரியாது.

இவருக்குப் போன் செய்தேன். "நாளைக்கு நான் வரல. இன்னும் ஒரு வாரம் ஆகும்" என்று ஆரம்பித்து, மூச்சுவிடாமல் காரணத்தைச் சொல்லி முடித்தேன். சென்னைக்கு ரயில் ஏறி வந்து, எனக்காகக் காத்திருக்கிறவர்.

"சரி" என்றார்.

"சரின்னா? கோவமா? நேராச் சொல்லுங்க."

"சரின்னா சரிதான். வேற ஒண்ணுமில்ல. அந்தத் தம்பி எல்லாத்தையும் சேத்து எடுங்கன்னு சொல்லுச்சு. அது மட்டும் உள்ள கெடந்தா எப்படி?" பிறகு, "நான் இங்கயே லாட்ஜ்ல இருக்கேன். கடைய மாரியப்பன் பாத்துக்கிடுவான்" என்றார்.

ஜூலை 8, செவ்வாய்

எல்லோரும் போய்விட்டார்கள். நஸ்ரீன் பஸ்ஸில் ஏறியபின் ஜன்னல் வழியே பார்த்தாள். கை அசைக்கவில்லை. நான் அசைத்தேன். மண்டபம் இவ்வளவு பெரியது என்று இப்போதுதான் தெரிகிறது. இந்தக் கதவு பூட்டவில்லை என்று எனக்கு நானே அடிக்கடி சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது. இரண்டு தடவை எழுந்துபோய்த் திறந்து பார்த்தேன்.

ஜூலை 15, செவ்வாய்

நேற்று விசாரணை அதிகாரி வந்தார். இங்கிலீஷில் எழுதிக் கொடுத்தேன். சொலவடை ஒன்றும் இல்லாமல், சின்னச் சின்ன வாக்கியமாக. யார் என்ன செய்தார்கள், நான் என்ன பார்த்தேன். நஸ்ரீனை நிற்கவைத்ததை முதலில் எழுதினேன். அறைந்ததை எழுதினேன். மற்றதை அதற்குப் பிறகு எழுதினேன். அதிகாரி ஒவ்வொரு வரியாகப் படித்துவிட்டு, இதற்கு என்ன அர்த்தம், இவன் நல்லவனா கெட்டவனா என்று கேட்டார். எழுதியிருப்பதுதான் அர்த்தம் என்றேன்.

இன்று காலை நீலமேகத்தின் கைக்கட்டை அவிழ்த்துவிட்டார்கள். இந்த நாட்டில் வழக்கு இல்லை. என்னோடு அனுப்புகிறார்கள். ஊரில் இறங்கியதும் அங்கே போலீஸ் விசாரிக்கும், நஸ்ரீன் புகார் கொடுத்திருக்கிறாள்.

விமானநிலையத்தில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தோம். அவன் மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டே இருந்தான். வீட்டுக்குப் பேசிவிட்டானா என்று கேட்டேன். அம்மாவோடு பேசினானாம். அவள் குரலைக் கேட்டதும் ஒன்றும் சொல்ல வராமல் வைத்துவிட்டானாம்.

"டீச்சர்," என்றான். "அந்தப் பொண்ணு என்னைப் பத்தி என்ன சொல்லியிருக்கு?"

"நீ அடிச்சன்னு."

தலையை ஆட்டினான்.

"நீங்க?"

"நானும் அதத்தான் எழுதியிருக்கேன் நீலமேகம். அதையும், கதவத் திறந்ததையும்."

அவன் கண்ணாடிக்கு வெளியே பார்த்தான். "ரெண்டும் நான்தான்" என்றான்.

எங்கள் விமானத்தை அறிவித்தார்கள். அவன் எழுந்து என் பையையும் சேர்த்து எடுத்துக்கொண்டான்.